டயப்பர் ராஷ்: எதைப் பூசுவது என்று கேட்பதற்கு முன்னால்

டயப்பரைக் கழற்றினால் குழந்தையின் பின்பக்கம் செக்கச்செவேலென்று இருக்கிறது. தண்ணீர் பட்டதும் வீல் என்று அலறுகிறது. இதைப் பார்த்ததும் வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ஒருவர் எண்ணெய் தடவச் சொல்வார், இன்னொருவர் பவுடர் போடச் சொல்வார், மூன்றாமவர் தன் பிள்ளைக்கு வாங்கி மிச்சமிருக்கும் ஒரு ட்யூபை எடுத்து நீட்டுவார். எல்லோரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அவற்றில் சில உதவும், சிலவற்றால் பலனும் இல்லை கெடுதலும் இல்லை, ஒன்றிரண்டு உண்மையிலேயே ஆபத்தானவை. இவற்றைப் பிரித்தறிய மருத்துவம் படித்திருக்க வேண்டாம். டயப்பருக்குள் அந்தத் தோலுக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

உள்ளே என்ன நடக்கிறது

ஈரத்தில்தான் எல்லாம் தொடங்குகிறது. நெடுநேரம் துணி துவைத்தால் விரல் நுனி ஊறிச் சுருங்குமே, அதேபோல டயப்பருக்குள் இருக்கும் தோலும் ஊறுகிறது. ஊறிய தோலில் டயப்பரின் ஓரம் உரசினால்கூட மேல் அடுக்கு கிழியும். குழந்தை காலை ஆட்டும்போதெல்லாம் இந்த உரசல் இருந்துகொண்டே இருக்கும்.

சிறுநீர்தான் தோலைச் சுடுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். சிறுநீர் மட்டும் கொஞ்ச நேரம் பட்டால் நல்ல தோலுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. சிறுநீரும் மலமும் ஒன்று சேரும்போதுதான் வினை வருகிறது. மலத்தில் இருக்கும் பாக்டீரியாக்கள் சிறுநீரில் உள்ள யூரியாவை உடைத்து அம்மோனியாவாக மாற்றுகின்றன. நம் தோல் இயல்பாகவே லேசான அமிலத்தன்மை கொண்டது, பி.எச். அளவு 5.5-ஐ ஒட்டி இருக்கும். அந்த அமிலத்தன்மையே தோலுக்கு ஒரு பாதுகாப்பு. அம்மோனியா அதைக் குலைத்துக் காரத்தன்மையைக் கூட்டுகிறது. காரத்தன்மை கூடியதும் மலத்தில் இருக்கும் செரிமான நொதிகள் வேகம் பெறுகின்றன. புரதத்தையும் கொழுப்பையும் உடைப்பதுதான் இவற்றின் வேலை. தோலின் மேல் அடுக்கும் புரதமும் கொழுப்பும்தானே? குடலில் உணவைச் செரித்த நொதி, டயப்பருக்குள் தோலைச் செரிக்கத் தொடங்குகிறது.

இது புரிந்தால் வேறு சில விஷயங்களும் புரியும். வயிற்றுப்போக்கு வந்தால் சில மணி நேரத்திலேயே தோல் ஏன் புண்ணாகிறது? மலம் குடலை விட்டு வேகமாக வெளியேறுவதால் நொதிகளும் பித்த உப்புகளும் வீரியம் குறையாமலே தோலில் படுகின்றன. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகளுக்கு ஏன் இந்தத் தொல்லை குறைவு? அவர்களுடைய மலத்தில் காரத்தன்மை குறைவு. திட உணவு தொடங்கியதும் மலத்தின் தன்மை மாறுகிறது. குழந்தை உட்காரவும் தவழவும் ஆரம்பிப்பதால் உரசலும் கூடுகிறது. பொதுவாக 9 முதல் 12 மாதம் வரையிலான வயதில் டயப்பர் ராஷ் அதிகம் காணப்படுவதற்கு இதெல்லாம் சேர்ந்துதான் காரணம்.

அதனால் தோல் சிவந்திருப்பதை வைத்து "நீ சரியாகவே கவனிப்பதில்லை" என்று குழந்தையின் அம்மாவைப் பார்த்து யாராவது சொன்னால், அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். நன்றாகக் கவனிக்கப்படும் குழந்தைக்கும் ஒரே ஒரு நாள் வயிற்றுப்போக்கில் இது வந்துவிடும்.

முதலில் மடிப்பைப் பாருங்கள்

எதைப் பூசுவதற்கும் முன்னால் நல்ல வெளிச்சத்தில் குழந்தையைப் படுக்க வைத்து, தொடை இடுக்கின் மடிப்பை இரண்டு விரலால் மெல்ல விரித்துப் பாருங்கள். அரை நிமிட வேலைதான். ஆனால் வீட்டு வைத்தியம் போதுமா, மருத்துவரிடம் போக வேண்டுமா என்பதை இதிலேயே பெரும்பாலும் தெரிந்துகொள்ளலாம்.

ஈரத்தாலும் உரசலாலும் வரும் சாதாரண தடிப்பு, டயப்பர் ஒட்டி உரசும் இடங்களில் இருக்கும்: பிட்டத்தின் மேடு, அடிவயிறு, தொடையின் உட்புறம், பிறப்புறுப்பைச் சுற்றிய பகுதி. மடிப்பின் உள்ளே டயப்பர் தொடாததால் அங்கே தோல் பெரும்பாலும் நன்றாக இருக்கும். மடிப்பின் ஆழத்திலும் அடர்ந்த சிவப்பு பரவியிருக்கிறது, சிவப்பின் ஓரத்துக்கு வெளியே சின்னச் சின்னப் பொட்டுகளாகப் பருக்கள் சிதறியிருக்கின்றன என்றால் அது கேண்டிடா என்ற பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். குழந்தைக்குச் சமீபத்தில் ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தாலோ, வாய்க்குள் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம் இருந்தாலோ சந்தேகம் இன்னும் வலுக்கும். பூஞ்சை எண்ணெய்க்கும் கிரீமுக்கும் போகாது. பூஞ்சைக்கான மருந்துதான் வேண்டும்.

இன்னொன்று. படங்களில் காட்டுகிற இளஞ்சிவப்பு எல்லாக் குழந்தைகளிடமும் தெரியாது. மாநிறமும் கருநிறமுமான தோலில் அதே தடிப்பு பழுப்பாகவோ, கருஞ்சிவப்பாகவோ, சுற்றியுள்ள தோலைவிடச் சற்றுக் கருத்தோ இருக்கும். "சிவக்கவில்லையே" என்று விட்டுவிடாமல், கைவைத்துப் பாருங்கள். அந்த இடம் சூடாக, சொரசொரப்பாக, பளபளவென்று இறுகியிருக்கிறதா? துடைக்கும்போது குழந்தை காலை இழுத்துக்கொள்கிறதா? இருந்தால் அதுவும் ராஷ்தான்.

ஒரு டயப்பர் மாற்றம், நிதானமாக

நல்ல வைத்தியம் கிரீம் டப்பாவில் இல்லை, டயப்பர் மாற்றும் முறையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், பஞ்சு அல்லது மெல்லிய பருத்தித் துணி, காய்ந்த துண்டு ஒன்று, கிரீம், புது டயப்பர். எல்லாம் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். அப்போதுதான் குழந்தையைத் தனியே விட்டு எழுந்து போக வேண்டியிருக்காது. கழற்றிய டயப்பரின் சுத்தமான முன்பகுதியாலேயே மலத்தின் பெரும்பகுதியை வழித்து எடுத்துவிடலாம். மிச்சத்தைத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் எடுங்கள். பெண் குழந்தைக்கு எப்போதும் முன்னிருந்து பின்னாகவே துடைக்க வேண்டும். மலத்தில் உள்ள கிருமி சிறுநீர்ப்பாதைக்குப் போகாமல் இருக்க இதுதான் வழி.

புண்ணாகி இருக்கும்போது துடைப்பதே வலிக்கும். அப்போது பஞ்சைக் கையில் எடுக்காதீர்கள். ஒரு குவளைத் தண்ணீரை மெல்ல ஊற்றியோ, தொட்டியில் இடுப்பளவு தண்ணீரில் சில நிமிடம் உட்கார வைத்தோ கழுவலாம். ஒவ்வொரு தடவையும் சோப்பு வேண்டாம். சோப்பு காரத்தன்மை கொண்டது. ஏற்கெனவே குலைந்திருக்கும் தோலை அது இன்னும் குலைக்கும். வெறும் சிறுநீர் என்றால் தண்ணீரே போதும். வெளியே போகும்போது வைப்ஸ் தவிர்க்க முடியாது, சரி. ஆல்கஹாலும் வாசனையும் சேர்க்காததாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் எரிச்சல் தெரிந்தால் அந்தச் சில நாட்களுக்குத் தண்ணீருக்கே திரும்பிவிடுங்கள்.

அப்புறம் துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். மடிப்புகளில்தான் ஈரம் தங்கும். அங்கே தனியாக ஒருமுறை ஒற்றுங்கள். இனி வருவதுதான் பலரும் விட்டுவிடும் கட்டம்: உடனே அடுத்த டயப்பரை மாட்டாமல் காற்றாட விடுவது. கீழே தண்ணீர் இறங்காத விரிப்பைப் போட்டு அதன் மேல் துண்டை விரித்து, பத்து பதினைந்து நிமிடம் குழந்தையைக் குப்புறப் படுக்க விட்டு விளையாட்டுக் காட்டுங்கள். விழித்திருக்கும்போது மட்டும், நீங்கள் பக்கத்திலேயே இருந்து. ஒரு நாளில் நாலைந்து முறை இப்படிச் செய்தால் லேசான தடிப்புக்குக் கிரீமே தேவைப்படாமல் போகலாம். துண்டு நனையும்; நனையட்டும். ஈரமான முடியை உலர்த்தும் டிரையரைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். அது தோலைச் சுட்டுவிடும், கூடாது.

எத்தனை மணிக்கு ஒருமுறை மாற்றுவது? மலம் போனால் அந்த நிமிடமே. இல்லையென்றால் பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. ராஷ் இருக்கும் நாட்களில் இரவில் ஒருமுறையாவது எழுந்து மாற்றுவது நல்லது. பாக்கெட்டில் "12 மணி நேரம்" என்று போட்டிருப்பது டயப்பர் கசியாமல் தாங்கும் நேரம். தோல் தாங்கும் நேரம் அல்ல. டயப்பருக்குள் இருக்கும் உறிஞ்சும் துகள்கள் சிறுநீரைக் கூழாக்கிப் பிடித்து வைத்துக்கொள்ளும். மலத்தை அவை ஒன்றும் செய்யாது.

துணி டயப்பரா, கடை டயப்பரா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. நன்றாக உறிஞ்சும் கடை டயப்பர் ஈரத்தைத் தோலிலிருந்து விலக்கி வைக்கும் என்பது உண்மை. துணியிலும் குறையில்லை, ஆனால் நனைந்த உடனே மாற்ற வேண்டும். அதன் மேல் பிளாஸ்டிக் உறை மாட்டினால் காற்றே போகாது. துணியைத் துவைக்கும்போது சோப்பு கொஞ்சமும் தங்காத அளவுக்கு அலசுங்கள், வாசனைத் திரவம் சேர்க்காதீர்கள். எதுவாக இருந்தாலும் ராஷ் ஆறும்வரை ஒரு அளவு பெரிதாக, தளர்வாக மாட்டுவது உதவும்.

கிரீமின் வேலை என்ன

டயப்பர் கிரீம் புண்ணை ஆற்றும் மருந்து என்று எடுத்துக்கொண்டால் அதைப் பயன்படுத்தும் விதமே தப்பாகிவிடும். அது ஒரு தடுப்பு. மலமும் ஈரமும் தோலைத் தொடாமல் நடுவில் நிற்கிறது, அந்த நேரத்தில் தோல் தானே தன்னைச் சரி செய்துகொள்கிறது. அதனால்தான் முகத்தில் கிரீம் தேய்ப்பதுபோல மெல்லிசாகத் தேய்த்து உள்ளே இறக்கினால் பயன் இருக்காது. தோலின் நிறமே தெரியாத அளவுக்குக் கனமாக அப்ப வேண்டும்.

இதற்குச் சரியானவை இரண்டு. ஒன்று துத்தநாக ஆக்சைடு, அதாவது சிங்க் ஆக்சைடு கலந்த பசை. கடைகளில் கிடைப்பவற்றில் 10 முதல் 40 சதவீதம் வரை சிங்க் ஆக்சைடு இருக்கும். சதவீதம் கூடக்கூட பசை கெட்டியாக இருக்கும். புண் அதிகமாக இருக்கும்போது கெட்டியானது நல்லது. இன்னொன்று வெறும் பெட்ரோலியம் ஜெல்லி. விலை குறைவு, வாசனை இல்லை, ஒவ்வாமை வருவது அரிது. தடிப்பு லேசாக இருக்கும்போதும், வராமல் தடுக்கவும் இதுவே போதும். சிங்க் பசையின் மேல் ஒரு பூச்சு ஜெல்லி தடவினால் பசை டயப்பரில் ஒட்டிக்கொண்டு வராது.

அடுத்த முறை டயப்பர் மாற்றும்போது பழைய பசையை முழுக்கச் சுரண்டி எடுக்க நினைப்பார்கள். வேண்டாம். மேலே படிந்த அழுக்கை மட்டும் எடுத்துவிட்டு, சுத்தமாக இருக்கும் பசையின் மேலேயே இன்னொரு அடுக்கு பூசுங்கள். நாளுக்கு ஒருமுறை குளிப்பாட்டும்போது, பஞ்சில் கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் பசை வலியில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

சமையலறையில் இருப்பவை

தேங்காயெண்ணெய்தான் பெரும்பாலும் முதலில் நினைவுக்கு வருவது. வாசனையோ வேறு எதுவுமோ சேர்க்காத எண்ணெய் என்றால் தோலை மிருதுவாக்கும், லேசான தடுப்பாகவும் இருக்கும். ஆனால் அது சீக்கிரம் தோலுக்குள் இறங்கிவிடும், அடுத்த மலத்தை எதிர்த்து நிற்காது. தடிப்பு தொடங்கும்போதோ ஆறிய பிறகோ தடவலாம். வயிற்றுப்போக்கு நேரத்தில் அதை மட்டும் நம்ப வேண்டாம். எல்லா எண்ணெயும் ஒன்றல்ல. கடுகெண்ணெய் குழந்தையின் தோலை எரிச்சல்படுத்தும். தலைக்குத் தேய்க்கும் வாசனை எண்ணெயும் இந்த இடத்துக்கு ஆகாது.

தாய்ப்பாலைத் தடவுவது பற்றிச் சிறிய அளவில் சில ஆய்வுகள் நடந்திருக்கின்றன. லேசான தடிப்பில் நல்ல பலன் தெரிந்ததாக அவற்றில் சில சொல்கின்றன. கெடுதல் இல்லாத முறை, செலவும் இல்லை. சில சொட்டுகளைத் தடவி, நன்றாகக் காய விட்டு, அதன் மேல் தடுப்புப் பசையைப் பூசலாம். ஈரத்தோடு டயப்பரை மூடினால் எந்தக் காரணத்துக்காகத் தடவினோமோ அதுவே கெடும். பூஞ்சை இருக்கும் இடத்தில் இதை நம்பிக் காத்திருக்கவும் கூடாது.

அரிப்பும் எரிச்சலும் இருந்தால் ஓட்ஸ் குளியல் இதம் தரும். ஓட்ஸை மாவாக, நைசாக அரைக்க வேண்டும். ஒரு கரண்டி மாவைத் தண்ணீரில் போட்டால் அடியில் தங்காமல் தண்ணீர் பால்போல் வெளுக்க வேண்டும்; அதுதான் பதம். பத்து நிமிடம் போதும். தொட்டி வழுக்கும், குழந்தையை விட்டுக் கையை எடுக்காதீர்கள். சோற்றுக் கற்றாழையில் உள்ளே இருக்கும் தெளிந்த கூழ் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் மடலை வெட்டியதும் தோலை ஒட்டி வடியும் மஞ்சள் பால் எரிச்சலூட்டும். அதை முழுக்க வடித்துக் கழுவ முடியாவிட்டால் கற்றாழையை விட்டுவிடுவதே மேல்.

பவுடரைப் பற்றி அழுத்தமாகவே சொல்கிறேன்: வேண்டாம். டால்கம் பவுடரின் நுண்துகளைக் குழந்தை மூச்சோடு உள்ளே இழுத்தால் நுரையீரல் பாதிக்கப்படும். மாவுப் பவுடரானாலும் மூச்சில் போகும் ஆபத்து உண்டு. மடிப்பில் ஈரத்தோடு சேர்ந்து உருண்டு உரசவும் செய்யும்.

சமையல் சோடாவைத் தண்ணீரில் கலந்து கழுவும் யோசனையும் பலர் சொல்வார்கள். இதுவும் காரப்பொருள், தோல் இழந்த அமிலத்தன்மையை இது திருப்பித் தராது. அதைவிட முக்கியம், புண்ணான தோல் வழியாக இது உடம்புக்குள் போகும். டயப்பர் ராஷுக்குச் சமையல் சோடாவைத் தொடர்ந்து போட்டதால் ஒரு குழந்தையின் ரத்தத்தில் காரத்தன்மை கூடிப்போன சம்பவம் 1981-இல் மருத்துவ இதழ் ஒன்றில் பதிவாகியிருக்கிறது. போரிக் பவுடர் இன்னும் மோசம். புண் வழியாக உள்ளே போய்க் குழந்தைகளின் உயிரையே பறித்திருக்கிறது. கற்பூரம் கலந்த எதுவும் கூடாது, அது வலிப்பு வரை கொண்டுபோகும். தரை துடைக்கவும் காயம் கழுவவும் வைத்திருக்கும் கிருமிநாசினித் திரவம், முட்டையின் வெள்ளைக்கரு, வினிகர் எல்லாம் இதே வரிசைதான். தேனையும் தள்ளி வையுங்கள். கை போன இடமெல்லாம் வாய்க்குப் போகும் வயது இது, ஒரு வயதுக்குள் தேன் வயிற்றுக்குள் போகவே கூடாது.

அந்த மிச்ச ட்யூப்

முதலில் சொன்ன ட்யூபில் என்ன இருக்கிறது என்று பெயரைப் படித்துப் பாருங்கள். பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு மூன்றையும் ஒன்றாகக் கலந்த கிரீம்கள் புழக்கத்தில் உண்டு. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று பெயர் இருந்தால் அது வீரியமான ஸ்டீராய்டு. பூசிய மறுநாளே சிவப்பு குறைவதால் "நல்ல மருந்து" என்று பெயர் வாங்கிவிடுகிறது. ஆனால் குழந்தையின் தோல் மெல்லியது, அதன் மேல் டயப்பர் இறுக மூடிவிடுவதால் மருந்து பல மடங்கு உள்ளே இறங்கும். தோல் மெலியும், பூஞ்சை மறைந்திருந்து வளரும். தேவையென்றால் மருத்துவர் 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் போன்ற மென்மையானதைச் சில நாட்களுக்கு மட்டும் எழுதிக் கொடுப்பார். பூஞ்சைக்கு நிஸ்டாட்டினோ குளோட்ரிமசோலோ தனியாகத் தருவார். மருந்தைத் தோலில் முதலில் தடவி, அதன் மேல்தான் தடுப்புப் பசை. வரிசை மாறினால் மருந்து தோலைத் தொடாது.

மேலே சொன்னபடி கவனித்தால் சாதாரண தடிப்பு இரண்டு மூன்று நாளில் குறையத் தொடங்கும். குறையவில்லை என்றாலோ, மடிப்புக்குள் பரவினாலோ மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சல், கொப்புளம், சீழ், தேன் நிறப் பொருக்கு, ரத்தக் கசிவு, பால் குடிக்க மறுப்பது, பிறந்து சில வாரமே ஆன குழந்தை என்றால் மூன்று நாள் காத்திருக்கவே வேண்டாம். ஆசனவாயைச் சுற்றி மட்டும் வளையம் போட்டதுபோல் அடர் சிவப்பு இருந்தால் அது பாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம், அதற்கு ஆன்டிபயாடிக் வேண்டும். டயப்பர் பகுதியோடு வாயைச் சுற்றியும் கை கால்களிலும் புண் வந்து, எதற்கும் ஆறாமல் இருந்தால் உடம்பில் துத்தநாகக் குறைபாடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இது அரிது.

ஆறிய பிறகு அந்த இடம் சில குழந்தைகளுக்குக் கருத்தும், சிலருக்கு வெளுத்தும் தெரியும். மறுபடியும் ராஷ் வந்துவிட்டதோ என்று பதற வேண்டாம். தோல் வழுவழுப்பாக, தொட்டால் குழந்தை அழாமல் இருந்தால் அது வெறும் நிற மாற்றம். மறைய வாரங்கள், சில சமயம் மாதங்கள்கூட ஆகும். அதற்கென்று தனியாக எதையும் பூச வேண்டியதில்லை.